இன்டர்னல் மார்க்கை நவம்பரிலேயே போட்டுவிடுகிறார்கள்

நவம்பர் பிறந்ததும் அமெரிக்கக் காலேஜ் பாஸ்கெட்பால் பார்க்கிற கூட்டத்துக்கு ஒரு வியாதி வந்துவிடும். யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு லிஸ்ட். ஏ.சி.சி.யில் முதலிடம் யாருக்கு, இரண்டாவது யார், கடைசி யார் என்று பதினெட்டு டீமையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். எனக்கும் அந்த வியாதி இருந்தது. இப்போது விட்டுவிட்டேன். அந்த லிஸ்டை எழுதுகிற நேரத்துக்கு நவம்பரில் நடக்கிற மேட்ச்களை உட்கார்ந்து பார்த்தால், மார்ச்சில் யார் சிரிப்பார்கள், யார் அழுவார்கள் என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும் என்பது என் கட்சி.

பரிச்சயம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஏ.சி.சி. என்றால் அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ். 1953-ல் ஆரம்பித்தது. டியூக், நார்த் கரோலினா என்ற இரண்டு ஜென்ம விரோதிகள் இருக்கிற இடம். 2024-ல் ஸ்டான்ஃபோர்ட், கலிஃபோர்னியா, எஸ்.எம்.யு. மூன்றும் சேர்ந்து எண்ணிக்கை 18 ஆகிவிட்டது. பெயரில் அட்லாண்டிக் கடற்கரை, ஆனால் இரண்டு டீம் பசிபிக் பக்கம், ஒன்று டெக்சாஸில் டல்லாஸ் நகரத்தில். மேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆள் சேர்த்திருக்கிறார்கள் போல. போகட்டும்.

சீசன் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும். டிசம்பர் முடியும்வரை பெரும்பாலும் வெளி கான்பரன்ஸ் டீம்களோடு ஆட்டம். ஜனவரியிலிருந்து மார்ச் முதல் வாரம்வரை வீட்டுக்குள்ளேயே சண்டை. அதன்பிறகு கான்பரன்ஸ் டோர்னமென்ட், கடைசியில் நாடே வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிற என்.சி.ஏ.ஏ. டோர்னமென்ட். 2025-ல் அதில் ஆடிய டீம்கள் 68. அதில் 31 இடம் கான்பரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போனது. மிச்சம் 37 இடத்துக்கு ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து ஆள் பொறுக்கியது. எல்லாப் பிரச்சினையும் அந்த 37-ல்தான்.

முதலில் அந்த லிஸ்ட் எவ்வளவு உபயோகமானது என்று பார்த்துவிடலாம். 2022-23 சீசன் தொடங்கும்போது நாட்டிலேயே நம்பர் ஒன் என்று எழுதப்பட்ட டீம் நார்த் கரோலினா. அதற்கு முந்தைய ஏப்ரலில் ஃபைனல் வரை போய் கான்சஸிடம் மூன்று பாயிண்டில் தோற்றவர்கள், முக்கியமான ஆட்கள் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள், அப்புறம் என்ன சந்தேகம்? நவம்பர் கடைசி வாரத்தில் ஐயோவா ஸ்டேட்டிடம் தோற்றார்கள். அலபாமாவோடு நான்கு ஓவர்டைம் ஆடி 103-101 என்று தோற்றார்கள். அடுத்து இண்டியானா, அடுத்து வர்ஜீனியா டெக். தொடர்ந்து நான்கு தோல்வி. மார்ச்சில் அவர்களுக்கு டோர்னமென்ட்டில் இடமே கிடைக்கவில்லை. 1985-ல் டோர்னமென்ட் 64 டீமாக விரிந்ததிலிருந்து, நம்பர் ஒன்னாகத் தொடங்கி உள்ளேயே நுழையாமல் போன முதல் டீம் அதுதான். லிஸ்ட் போட்டவர்கள் அடுத்த வருஷமும் லிஸ்ட் போட்டார்கள், அது வேறு விஷயம்.

இனி என் கட்சியின் முக்கிய சாட்சிக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 29. பஹாமாஸில் நடந்த பேட்டில் ஃபார் அட்லாண்டிஸ் டோர்னமென்ட்டின் ஃபைனல். ஒரு பக்கம் ஏ.சி.சி.யின் லூயிவில், இன்னொரு பக்கம் எஸ்.இ.சி.யின் ஓக்லஹோமா. ஓக்லஹோமா 69-64 என்று ஜெயித்தது. வெறும் ஐந்து பாயிண்ட். அன்றைக்கு அதைப் பெரிய செய்தியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கிருந்து இரண்டு டீமும் எப்படிப் போயின என்று பாருங்கள். லூயிவில் ஏ.சி.சி. ஆட்டங்களில் 18 வெற்றி, 2 தோல்வி. கான்பரன்ஸ் டோர்னமென்ட்டிலும் ஃபைனல்வரை போனது. ஓக்லஹோமா எஸ்.இ.சி. ஆட்டங்களில் 6 வெற்றி, 12 தோல்வி. திருப்பிச் சொல்கிறேன், ஆறு ஜெயித்துப் பன்னிரண்டு தோற்றது. மார்ச்சில் தேர்வுக் குழு தரவரிசை கொடுத்தது. ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை. லூயிவில்லுக்கு 8. ஓக்லஹோமாவுக்கு 9.

18-2 டீமுக்கும் 6-12 டீமுக்கும் ஒரே ஒரு படி வித்தியாசம். முதல் தடவை பார்த்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஓக்லஹோமா கான்பரன்ஸ் ஆட்டம் தொடங்குமுன் 13-0. லூயிவில் டிசம்பர் நடுவில் 6-5. அந்த ஐந்து தோல்வியில் இரண்டு சொந்த மைதானத்தில் நடந்த பயங்கரம்: டென்னசியிடம் 77-55, ஓல் மிஸ்ஸிடம் 86-63. அதன்பிறகு 21 ஆட்டம் ஜெயித்து இரண்டே இரண்டில்தான் தோற்றார்கள். என்ன செய்து என்ன! நம் காலேஜில் இன்டர்னலில் கோட்டை விட்டவன் செமஸ்டரில் விழுந்து புரண்டு எழுதுகிற கதைதான். எழுதிய பேப்பர் நன்றாகத்தான் இருக்கும், டோட்டல் வராது.

ஏன் இப்படி? இதற்குப் பெரிய சூத்திரம் எல்லாம் வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். 18 டீம், ஆளுக்கு 20 கான்பரன்ஸ் ஆட்டம் என்றால் மொத்தம் 180 ஆட்டம். 180 வெற்றி, 180 தோல்வி. யார் எவ்வளவு நன்றாக ஆடினாலும் இந்த எண் மாறாது. வீட்டுக்குள் ஒருவன் ஜேப்பிலிருந்து இன்னொருவன் எடுத்தால் குடும்பத்தின் சொத்து கூடுமா? வெளியிலிருந்து காசு வர வேண்டும். அந்தக் காசு வருகிற மாதம் நவம்பரும் டிசம்பரும்தான். டிசம்பர் முடியும்போது கான்பரன்ஸின் கஜானாவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் ஜனவரியிலிருந்து தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

2018-19 முதல் தேர்வுக் குழு கையில் வைத்திருக்கும் அளவுகோலின் பெயர் நெட். நம் கிரிக்கெட் நெட் ரன் ரேட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆனால் அதே குடும்பத்துப் பங்காளிதான். எவ்வளவு திறமையாகப் பாயிண்ட் எடுத்தாய், எவ்வளவு கொடுத்தாய், எதிரில் நின்றவன் எப்படிப்பட்டவன், எங்கே ஆடினாய் என்று எல்லாவற்றையும் பிசைந்து ஒரு வரிசை எண் வரும். வெற்றி தோல்விகளை நான்கு கூடையாகப் பிரிப்பார்கள். முதல் கூடையில் விழ வேண்டுமானால் சொந்த மைதானத்தில் முதல் 30 இடத்துக்குள் இருக்கிற டீமோடு, பொது மைதானத்தில் முதல் 50-க்குள், எதிரி ஊரில் முதல் 75-க்குள் இருப்பவர்களோடு மோத வேண்டும்.

இப்போது யோசியுங்கள். நவம்பரில் உங்கள் கான்பரன்ஸ் டீம்கள் வெளியே போய் அடி வாங்கிவிட்டால், 18 பேரில் முக்கால்வாசிப் பேர் 75-க்குக் கீழே போய்விடுவார்கள். ஜனவரியில் அவர்கள் ஊருக்கே போய் அவர்களை அடித்தாலும் முதல் கூடையில் ஒன்றும் விழாது. லூயிவில்லின் 18 வெற்றிக்கு நடந்தது இதுதான். எஸ்.இ.சி.யில் நிலைமை தலைகீழ். அங்கே தினமும் எதிரே நிற்பவன் பெரிய ஆள். தோற்றால் பெரிய அவமானமில்லை, எப்போதாவது ஜெயித்தால் ஜாக்பாட்.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு கான்பரன்ஸும் நேருக்கு நேர் 16 ஆட்டம் ஆடின. எஸ்.இ.சி. 14, ஏ.சி.சி. 2. அந்த இரண்டும் யார் என்றால், ஆபர்னை அடித்த டியூக், கென்டக்கியை அடித்த கிளெம்ஸன். மற்ற எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள். மூன்று மாதம் கழித்து எஸ்.இ.சி.யின் 16 டீமில் 14 பேருக்கு என்.சி.ஏ.ஏ. டோர்னமென்ட்டில் இடம் கிடைத்தது. ஒரே கான்பரன்ஸிலிருந்து அதுவரை அத்தனை பேர் போனதே இல்லை. அதற்கு முன் 2011-ல் பிக் ஈஸ்ட்டின் 11 தான் உச்சம். ஏ.சி.சி.யின் 18 பேரில் போனது 4. இந்த 14-ஐயும் 4-ஐயும் டிசம்பர் முதல் வாரத்திலேயே கிட்டத்தட்ட எழுதி வைத்திருக்கலாம்.

டியூக் ரசிகர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கூப்பர் ஃப்ளாக் இருந்த அந்த வருஷம் கான்பரன்ஸில் 19-1, ஃபைனல் ஃபோர் வரை போனார்கள். மேல்தட்டுக்குப் பஞ்சம் தெரியாது. எனக்குக் கவலை எல்லாம் நடுத்தட்டில் இருப்பவர்களைப் பற்றி. வேக் ஃபாரஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-22-ல் கான்பரன்ஸில் 13-7. வெளியே நிறுத்தப்பட்டார்கள், நவம்பர் டிசம்பரில் மிக எளிய எதிரிகளோடு ஆடியது அவர்கள் காலை வாரியது. 2024-25-ல் மறுபடி அதே 13-7. மறுபடி வெளியே. அந்தத் தடவை துணைக்கு எஸ்.எம்.யு.வும் அதே 13-7 உடன் வாசலில் நின்றது. இதே வேக் ஃபாரஸ்ட் வேறு ஏதாவது கான்பரன்ஸில் 13-7 எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கடைசி வருஷம் ஆடுகிற ஒரு பையனுக்கு அடுத்த மார்ச் என்று ஒன்று கிடையாது.

இதைவிடத் தெளிவான கேஸ் கிளெம்ஸன். ஒரே காலேஜ், ஒரே கோச் பிராட் பிரௌனெல், அடுத்தடுத்த இரண்டு வருஷம். 2022-23-ல் கான்பரன்ஸில் 14-6. நல்ல எண். ஆனால் நவம்பரில் தங்கள் மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான சௌத் கரோலினாவிடம் தோற்றார்கள், டிசம்பரில் லயோலா சிக்காகோவிடம் தோற்றார்கள். இரண்டுமே அந்த வருஷம் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். மார்ச்சில் கிளெம்ஸனுக்குக் கதவு மூடப்பட்டது. அடுத்த சீசன், 2023 நவம்பர் 28, அலபாமா ஊருக்கே போய் 85-77 என்று அடித்துவிட்டு வந்தார்கள். கான்பரன்ஸில் அந்த வருஷம் அவர்கள் எடுத்தது 11-9 தான். முந்தைய வருஷத்தைவிட மூன்று வெற்றி குறைவு. ஆனால் இடம் கிடைத்தது, அதுவும் 6-ஆம் தரவரிசையோடு. உள்ளே போய்ச் சும்மா இருந்தார்களா? கடைசி எட்டு வரை போனார்கள். அங்கே அவர்களை நிறுத்தியது யார் தெரியுமா, அதே அலபாமா.

14-6 வெளியே, 11-9 உள்ளே. இதைப் பார்த்த பிறகும் ஜனவரி வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

பிற கான்பரன்ஸிலும் நடந்திருக்கிறது. 2011-12-ல் பேக்-12 கான்பரன்ஸில் முதலிடம் பிடித்த வாஷிங்டனுக்கே டோர்னமென்ட்டில் இடம் தரவில்லை. கான்பரன்ஸ் மொத்தமும் அந்த நவம்பர் டிசம்பரில் சொதப்பியிருந்தது. வீட்டுக்குள் ராஜாவாக இருந்து என்ன பிரயோஜனம்.

இந்த இடத்தில் ஏ.சி.சி. ரசிகர்கள் சட்டையைப் பிடிப்பார்கள் என்று தெரியும். 2022-ல் எங்களுக்கு ஐந்தே இடம் கொடுத்தீர்கள், அதில் மூன்று பேர் கடைசி எட்டுக்குப் போனார்கள், இரண்டு பேர் ஃபைனல் ஃபோரில் மோதிக்கொண்டார்கள். 2024-லும் ஐந்தே இடம், அதில் நான்கு பேர் கடைசி பதினாறில். அதிலும் என்.சி. ஸ்டேட் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கான்பரன்ஸ் கோப்பையைத் தூக்கி, 11-ஆம் தரவரிசையோடு ஃபைனல் ஃபோர் வரை போனது. அப்படியென்றால் நவம்பர் சொன்னது பொய்தானே?

நியாயமான கேள்வி. நானும் அந்த இரண்டு வருஷமும் இதே வாதத்தைத் தொண்டை வறளப் பேசியவன்தான். ஒரு கான்பரன்ஸில் மேலே இருக்கிற நாலு பேர் நல்லவர்கள் என்பதற்கு அது சாட்சி. அடுத்த ஆறு பேரும் நல்லவர்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. 2025 மார்ச் வந்தபோது அந்த வாதத்தின் கதையும் முடிந்தது. லூயிவில் முதல் சுற்றில் கிரைட்டனிடம் 89-75. கிளெம்ஸன் 12-ஆம் தரவரிசை மெக்னீஸிடம் 69-67. நார்த் கரோலினா தகுதிச் சுற்றில் ஜெயித்து, பிறகு ஓல் மிஸ்ஸிடம் தோல்வி. மிஞ்சியது டியூக் மட்டும். முந்தைய வருஷத்து ஹீரோ என்.சி. ஸ்டேட்? கான்பரன்ஸ் டோர்னமென்ட்டில் 18 பேரில் 15 பேருக்குத்தான் இடம் என்று மாற்றியிருந்தார்கள். வெளியே நின்ற மூவரில் நடப்புச் சாம்பியனும் ஒருவர். கோச்சின் வேலையும் போயிற்று.

நார்த் கரோலினா எப்படி உள்ளே வந்தது என்பதே அந்த வருஷத்துப் பெரிய தகராறு. முதல் கூடை ஆட்டங்களில் அவர்கள் கணக்கு 1-12. தேர்வுக் குழுத் தலைவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் பப்பா கன்னிங்ஹாம். அவர் தன் டீமைப் பற்றிய விவாதத்தில் உட்காரவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். விதிப்படி சரிதான், ஆனால் பார்க்கிறவன் வாயை மூட முடியுமா? என்னைக் கேட்டால் அவர்களுக்கு இடம் கொடுத்தது தப்பு. அதே சமயம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கான்சஸ், ஆபர்ன், அலபாமா, ஃப்ளோரிடா, மிஷிகன் ஸ்டேட் என்று நவம்பர் டிசம்பரில் பெரிய தலைகளாகப் பார்த்து மோதினார்கள். எல்லோரிடமும் தோற்றார்கள். மோதித் தோற்றவனுக்குக் கிடைத்த மரியாதை, மோதாமல் ஜெயித்தவனுக்குக் கிடைக்கவில்லை.

சரி, இந்த முறை நியாயமா? இதில் எனக்கு இரண்டு மனசு. எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மதிப்பு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் கடைசிச் சில ஆட்டங்களைத் தேர்வுக் குழு தனியாக எடுத்துப் பார்க்கும். அப்புறம் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். ஆனால் இன்றைய டீம்கள் பழைய மாதிரி இல்லை. பிளேயர்கள் வருஷா வருஷம் காலேஜ் மாற்றிக்கொள்ளலாம். 2023-24-ல் 8-24 என்று நாறிப்போன லூயிவில்லுக்குப் புதுக் கோச்சாக வந்த பேட் கெல்ஸி ஏறக்குறைய டீம் முழுவதையும் வெளியிலிருந்து கொண்டுவந்துதான் கட்டினார். விஸ்கான்சினிலிருந்து வந்த சக்கி ஹெப்பர்ன் உட்பட பெரும்பாலானவர்கள் ஒருவருக்கொருவர் புது முகம். ஜூனில் அறிமுகம், நவம்பரில் பரீட்சை. போதாததற்கு அந்த பஹாமாஸ் ஃபைனலில் முக்கியமான ஒரு ஆட்டக்காரர் முழங்கால் உடைந்து சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். ஒரு டீம் ஒன்றாகச் சேர்ந்து மூச்சு விடவே ஜனவரி ஆகிவிடுகிற காலத்தில், நவம்பருக்கு இத்தனை வெயிட் கொடுப்பது கொஞ்சம் கொடுமைதான்.

ஆனால் இந்தக் குழியில் ஏ.சி.சி.யைத் தள்ளியது தேர்வுக் குழு இல்லை. தானே தோண்டியது. 2019-20-லிருந்து கான்பரன்ஸ் ஆட்டங்களை 20 ஆக்கினார்கள். அந்த 2019-ல்தான் சொந்த டிவி சானல் தொடங்கியிருந்தார்கள். சானலுக்கு ஆட்டம் வேண்டும், வீட்டுக்குள்ளேயே இரண்டு ஆட்டம் கூட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு. வெளியே போய்ச் சம்பாதிக்கிற தேதி அந்த அளவுக்குக் குறைந்தது. டோர்னமென்ட்டில் ஒரு டீம் ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கான்பரன்ஸுக்கு ஆறு வருஷத்தில் சுமார் 20 லட்சம் டாலர் வருகிறது. 14 டீம் அனுப்பியவனுக்கும் நாலு டீம் அனுப்பியவனுக்கும் என்ன வித்தியாசம் என்று சானல்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கலாம். 2025 மே மாதம் புத்தி வந்து, 2025-26 சீசனிலிருந்து 18 ஆட்டம் என்று திரும்பக் குறைத்தார்கள்.

நல்ல முடிவுதான், ஆனால் பாதி முடிவு. மிச்சமான இரண்டு தேதியில் யாரைக் கூப்பிடுகிறாய் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. பெயரே கேள்விப்படாத ஒரு காலேஜைப் பணம் கொடுத்து வரவழைத்து 40 பாயிண்டில் அடித்தால் நெட் எண் கொஞ்சம் மேலே போகும், உண்மை. ஆனால் கிளெம்ஸன் அலபாமாவுக்குப் போன மாதிரி ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எதிரி ஊரில் போய் நின்றால்தான் மார்ச்சில் பேசுவதற்குக் கையில் ஒரு பேப்பர் இருக்கும். என் ஓட்டு இரண்டாவதற்கு. தோற்றாலும் சரி.

அதனால் சீசன் தொடங்கும்போது நான் டியூக் எத்தனையாவது இடம் என்று பார்ப்பதில்லை. அவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். கான்பரன்ஸில் ஐந்தாவது இடத்திலிருந்து பத்தாவது இடம்வரை வரக்கூடியவர்கள் தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் பொது மைதானத்தில் யாரோடு மோதுகிறார்கள் என்று பார்க்கிறேன். அந்த ஆறு பேரில் மூன்று பேராவது ஒரு பெரிய தலையை உருட்டிவிட்டால் கான்பரன்ஸ் முழுக்கவே விலை ஏறும். பிப்ரவரியில் அவர்களிடம் தோற்கிறவனுக்குக்கூட நஷ்டம் குறையும். இரண்டாவதாக, சொந்த ஊரில் சின்ன டீமிடம் விழுகிற ஆட்டங்களை எண்ணுகிறேன். கிளெம்ஸன் கதைக்கு அப்புறம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கடைசியாக டிசம்பர் முதல் வாரம், எஸ்.இ.சி.யோடு நடக்கிற அந்தப் பதினாறு ஆட்டம். அதில் ஏழோ எட்டோ வந்துவிட்டால் ஏழெட்டு டீமுக்கு மார்ச்சில் உயிர் இருக்கும். ஐந்துக்குக் கீழே போனால் ஜனவரியில் யார் யாரை அடித்தாலும் எனக்குச் சுவாரஸ்யம் குறைந்துவிடும்.

டியூக், நார்த் கரோலினா மேட்சுக்கு உலகமே கண் விழிக்கும், நானும் விழிப்பேன். ஆனால் வேக் ஃபாரஸ்ட் நவம்பரில் ஏதோ ஒரு ஊரில் பாதி காலியான அரங்கத்தில் ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கும் பாருங்கள், அட்டவணை வந்ததும் நான் முதலில் வட்டம் போடுவது அதைத்தான்.